தாங்ஸ்கிவிங் முதல் விக்டோரியா டே வரை: ஆளில்லாத கொட்டேஜில் இரண்டு லித்தியம் பற்றரிகள்

வியாழன் பின்னேரம் பற்றரி 100 சதவீதம். வெள்ளி முழுக்க மழை. சனி விடிய நாலு மணிக்குப் பிறிஜ் நின்றுவிட்டது. அந்த நேரம் பற்றரியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற ஷண்ட் மீற்றரில் 44 சதவீதம். "பாதிக்குக் கிட்டக் கிடக்குதெண்டு காட்டுது தம்பி, ஆனா இன்வேட்டர் கத்திப்போட்டு நிண்டிட்டுது." இதுதான் என்னிடம் வந்த முறைப்பாடு.

இடம் ஒன்ராறியோவில் பான்குறொஃப்டுக்கு வடக்கே, அல்கொங்குவின் பூங்காவின் தென்பக்கம். ஸ்காபரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடிய ஓட்டம். அண்ணன் தம்பிமார் மூன்று பேரின் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மரவீடு. ஹைட்ரோ லைன் (கனடாவில் மின்சார லைனுக்கு அதுதான் பெயர்) அங்கே வராது. கம்பம் நட்டு வயர் இழுக்க எவ்வளவு முடியும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு சோலாருக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மே மாதம் விக்டோரியா டே லோங் வீக்கெண்டில் வீட்டைத் திறப்பார்கள். ஒக்ரோபர் இரண்டாவது திங்கள், தாங்ஸ்கிவிங்கோடு மூடுவார்கள். இடையில் ஏழு மாதம் யாரும் போவதில்லை. கடைசி இரண்டு கிலோமீற்றர் ரோட்டில் ஸ்னோ தள்ள ஆளில்லை.

அமைப்பு பெரிதல்ல. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி இரண்டு, சமாந்தரமாக. மொத்தம் 400 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 5 கிலோவொட்-மணி. கூரையில் 370 வொட் பனல் இரண்டு, தொடராக. பனலிலிருந்து பற்றரிக்குப் போவதை ஒழுங்குபடுத்த, 100 வோல்ட் வரை தாங்கும் 50 ஆம்பியர் சார்ஜ் கொன்ட்ரோலர். பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற 2000 வொட் இன்வேட்டர். 12 வோல்ட் பிறிஜ், எல்.ஈ.டி லைட்டுகள், ஏரித் தண்ணீருக்கு ஒரு பம்ப், புரொப்பேன் வாயு கசிந்தால் கத்துகிற டிடெக்டர். மூன்று குடும்பமும் ஒன்றாக வருகிற நாட்களில் ரைஸ் குக்கரும் மிக்ஸியும்.

முன்பு அங்கே நாலு ஈயப் பற்றரிகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாகத்தான் லித்தியம் வந்தது. பூட்டியவர் சொல்லிவிட்டுப் போன வாசகம்: "இதுக்கு மெயின்டனன்ஸே இல்லை." தண்ணீர் விடத் தேவையில்லை என்ற அளவில் அது சரி. இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கமும் அந்த வாசகம்தான்.

முதலில் பொய் சொன்னது மீற்றர்

லித்தியம் இரும்பு பொஸ்பேட்டின் வோல்டேஜ் கோடு கிட்டத்தட்டத் தட்டை. 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை இறங்கும்போது 13.3 இலிருந்து 13.1 போலத்தான் மாறும். ஈயப் பற்றரிக்கு வோல்ட் மீற்றரை வைத்து "பாதி இருக்கு" என்று சொல்கிற பழக்கம் இங்கே உதவாது. அதனால்தான் ஷண்ட் வேண்டும். அது உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணிக் கணக்கு வைக்கிறது. எண்ணுகிற எதுவும் காலப்போக்கில் பிசகும். ஆகவே பற்றரி உண்மையாக நிரம்புகிற ஒவ்வொரு முறையும் ஷண்ட் தன்னை 100க்குத் திருத்திக்கொள்ளும். எப்போது "நிரம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்வது? அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வோல்டேஜ் இன்ன அளவுக்கு மேல் இருக்கவேண்டும், உள்ளே போகிற மின்னோட்டம் இன்ன அளவுக்குக் கீழ் இறங்கியிருக்கவேண்டும்.

இந்த வீட்டு ஷண்டில் அந்த வோல்டேஜ் 13.2 என்று கிடந்தது. ஈயப் பற்றரிக்கான அளவு. பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறார்கள். லித்தியம் சார்ஜ் ஆகும்போது பாதி வழியிலேயே 13.2ஐத் தாண்டிவிடும். அந்த நேரம் ஒரு மேகம் சூரியனை மறைத்தால் மின்னோட்டமும் விழும். இரண்டு நிபந்தனையும் சரி, மூன்று நிமிடத்தில் "100 சதவீதம்". வியாழன் பின்னேரம் காட்டிய 100 இப்படி வந்த 100.

அதை 14.0 வோல்ட்டுக்கும், மின்னோட்ட எல்லையைக் கொள்ளளவின் 2 சதவீதத்துக்கும் மாற்றினேன். இத்தோடு பிரச்சினை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது. மீற்றரைத் திருத்தி, பற்றரிகளை உண்மையாக நிரப்பி, திரும்பவும் இன்வேட்டர் நிற்கும்வரை ஓடவிட்டபோது அது 20 சதவீதத்தில் நின்றது. 80 ஆம்பியர்-மணியைக் காணவில்லை.

முந்திய வருடம் இந்தக் குறை இருந்ததா? செப்டெம்பரில் மழை விடாத ஒரு வார இறுதியில் 350க்கு மேல் எடுத்தும் நிற்கவில்லை என்று இளையவரின் தொலைபேசியில் இருந்த ஸ்கிரீன்ஷொட் காட்டியது. மீற்றரின் சதவீதம் பொய் சொன்னாலும், அது எண்ணிய ஆம்பியர்-மணி பொய் சொல்லாது. ஆகவே குறை வந்தது அந்தச் செப்டெம்பருக்கும் முறைப்பாடு வந்த ஜூலைக்கும் இடையில்.

இரண்டையும் பிரித்து அளந்தபோது

சமாந்தரமாக இருக்கிற பற்றரிகளைச் சேர்த்து அளப்பதில் பயனில்லை. நல்லது கெட்டதை மறைத்துவிடும். இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாக 14.4 வோல்ட் வரை நிரப்பி, ஆறவிட்டு, 40 ஆம்பியர் சுமையில் அதன் பி.எம்.எஸ் (பெட்டிக்குள் இருந்து பற்றரியைக் காவல்காக்கிற மின்னணுப் பலகை) தானாக நிறுத்தும்வரை ஓடவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும் வேலை. வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது. பெட்டியின் இரண்டு முனையிலும் பிடித்து "ஹெல்த் 92 சதவீதம்" என்று சொல்லுகிற சின்னக் கருவிகள் பெரும்பாலும் ஈயப் பற்றரிக்குச் செய்யப்பட்டவை.

முதலில் வாங்கிய பற்றரி 194 ஆம்பியர்-மணி தந்தது. அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பிறகு வாங்கிச் சேர்த்த மற்றது 127.

இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரிப் பெட்டி. வித்தியாசம் விவரத் தாளில் இருந்தது. முதலாவதின் பி.எம்.எஸ், உள்ளே இருக்கிற கலங்களின் (செல்களின்) வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட வந்ததும் சார்ஜை மறுத்துவிடும். வெளியே கொடுப்பதை மட்டும் அனுமதிக்கும். இரண்டாவது மலிவு. அதில் வெப்பநிலை கூடினால் நிறுத்துகிற பாதுகாப்பு இருந்தது. குளிருக்கு ஒன்றும் இல்லை. புளூடூத் செயலியில் வெப்பநிலை அழகாகத் தெரியும். அதை வைத்து பி.எம்.எஸ் எந்த முடிவும் எடுப்பதில்லை.

ஒரு கலம் மட்டும் பழுதாகி மற்ற மூன்றையும் இழுத்து நிறுத்துகிறதா என்பதையும் பார்த்தோம். 12 வோல்ட் பெட்டிக்குள் 3.2 வோல்ட் கலங்கள் நாலு தொடராக இருக்கும். ஒன்று மட்டும் 2.5 வோல்ட்டுக்கு விழுந்தாலும் பி.எம்.எஸ் முழுப் பெட்டியையும் நிறுத்தும். அப்படி இருந்தால் செயலியில் ஒரு கலம் முந்திக்கொண்டு விழுவது தெரியும். இங்கே நாலும் கைகோத்துக்கொண்டு இறங்கின. நாலுக்கும் பொதுவாக ஏதோ நடந்திருக்கிறது.

பனிக்காலத்தில் என்ன நடந்தது

"எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் மூத்தவர். இன்வேட்டரை நிறுத்தியிருக்கிறார்கள், லைட்டுகளை நிறுத்தியிருக்கிறார்கள், பிறிஜைக் காலி செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பனலை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். "பனல் கிடந்தாத்தானே பற்றரி நிரம்பி இருக்கும்."

ஈயப் பற்றரிக்கு அது சரியான பழக்கம். ஈயப் பற்றரி நிரம்பியிருந்தால் அமிலம் செறிவாக இருக்கும். ஒன்ராறியோக் குளிரில் உறையாது. காலியானால் அமிலம் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிடும். மைனஸ் 10ஐ எட்டுமுன்னரே உறைந்து கூடு வெடிக்கும். அதனால் பல வருடங்களாக நிரப்பி, பனலோடு விட்டுவந்து பழகியிருக்கிறார்கள். பெட்டி மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஒரு மல்டிமீற்றரைத் தொடரில் போட்டு, "எல்லாம் நிறுத்திய" நிலையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தேன். 190 மில்லி ஆம்பியர். வாயு டிடெக்டர் மட்டும் 75. மிச்சம் பிறிஜின் கட்டுப்பாட்டுப் பலகை, நீல வெளிச்சம் போடுகிற யு.எஸ்.பி சொக்கெட்டுகள், பழைய ரேடியோ, சார்ஜ் கொன்ட்ரோலர். 190 மில்லி ஆம்பியரைக் கேட்டால் யாரும் பயப்படமாட்டார்கள். ஒரு நாளைக்கு அது 4.5 ஆம்பியர்-மணி. 400 ஆம்பியர்-மணி மூன்று மாதத்துக்குள் காலி.

வெயில் இருந்தால் பனல் அதை ஈடுசெய்திருக்கும். ஆனால் பனல்கள் கிடப்பது சரிவு குறைந்த கூரையில். பக்கத்து ஏரிக்காரர் பெப்ரவரியில் ஸ்னோமொபிலில் போகும்போது எடுத்து அனுப்பிய படம் ஒன்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் கிடந்தது: கூரை முழுக்க முழங்கால் உயர ஸ்னோ, பனல் இருக்கிற இடமே தெரியவில்லை. நவம்பர் கடைசியில் மூடியது மார்ச் வரைக்கும் மூடித்தான் இருந்திருக்கவேண்டும். ஷண்டின் நினைவில் இருந்த மிகக் குறைந்த வோல்டேஜ் 10.6. கோடையில் யாரும் அந்த அளவுக்கு இறக்கியதில்லை. பெப்ரவரி கடைசியில் இரண்டு பற்றரியும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன.

பிறகு மார்ச். அந்த அகலாங்கில், 45 பாகை வடக்கில், டிசெம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 21 பாகைதான் எழும்பும். மார்ச் கடைசியில் 45 பாகைக்கு வந்துவிடும். ஸ்னோ வழுகி விழும். குளிர்ந்த பனலுக்கு வெயில் பட்டால் கோடையைவிட நன்றாக வேலை செய்யும், சுற்றிலும் ஸ்னோ பிரதிபலிக்கிற வெளிச்சம் வேறு. ஆனால் சூடேற்றாத வீட்டுக்குள், தரையில், மூன்று மாதம் குளிரில் ஊறிய பற்றரி அவ்வளவு சுறுக்காகச் சூடாகாது. வெளியே பூச்சியம் காட்டுகிற மார்ச் நண்பகலில் உள்ளே பற்றரி மைனஸ் 10இல் இருக்கும். கொன்ட்ரோலருக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது, காலியான பற்றரி ஒன்று இருக்கிறது, நல்ல வெயில் அடிக்கிறது.

முதலாவது பற்றரி கதவைச் சாத்திக்கொண்டது. ஆகவே இரண்டுக்கும் பகிர்ந்து போகவேண்டிய மின்னோட்டம் முழுவதும் இரண்டாவதுக்கு. 40 ஆம்பியர் வரை.

சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயன்கள் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழையவேண்டும். குளிரில் அந்த நுழைவு மிகவும் மெதுவாகிறது. அயன்கள் வந்து சேர்கிற வேகம் உள்ளே போகிற வேகத்தைத் தாண்டினால், மிச்சம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. அந்த அளவு கொள்ளளவு நிரந்தரமாகப் போனது. படிவு ஊசிபோல வளர்ந்து இரண்டு முனைக்கும் நடுவேயுள்ள பிரிப்புத் தாளைத் துளைக்கிற ஆபத்தும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே தெரியாது. பெட்டி வீங்காது, வோல்டேஜ் சரியாக இருக்கும். மே மாதத்தில் அவர்கள் போய்த் திறந்தபோது இரண்டும் 13.4 காட்டின. எல்லாரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

"அப்ப குளிர் பழுதாக்கேல்லையோ?"

"குளிரில்லை அண்ணை. குளிருக்குள்ள போன சார்ஜ்."

இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் மூத்தவர் அடுத்துக் கேட்டது, பற்றரிப் பெட்டியைச் சுற்றி ஸ்டைரோஃபோம் அடிப்போமா என்று. வெப்பம் பிறக்காத இடத்தில் ஸ்டைரோஃபோம் எதையும் சூடாக்காது, மாற்றத்தைத் தாமதப்படுத்தும். மார்ச்சில் வீடு சூடாகத் தொடங்கும்போது பற்றரியை இன்னும் கூடிய நேரம் குளிராகவே வைத்திருக்கும். உள்ளே சூடேற்றும் தகடு வைத்த பற்றரிகளும் வருகின்றன. பனிக்காலத்திலும் ஆட்கள் தங்குகிற கொட்டேஜுக்கு அவற்றை நானே சிபாரிசு செய்வேன். ஏழு மாதம் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கு அது வீண் செலவு. ஸ்னோ மூடிய பனலிலிருந்து சூடேற்ற மின்சாரம் வரப்போவதில்லை.

கொன்ட்ரோலருக்குள் இன்னொன்று

கொன்ட்ரோலரும் ஈயப் பற்றரிக்கான அமைப்பில்தான் கிடந்தது. அதில் இரண்டு விஷயம் லித்தியத்துக்கு ஆகாது. ஒன்று, மாதம் ஒருமுறை 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிச் சமன்செய்கிற ஈக்குவலைஸ். மற்றது, வெப்பநிலை ஈடு. ஈயப் பற்றரிக்குக் குளிரில் கூடிய வோல்டேஜ் தேவை என்பதால், 25 பாகைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் கொன்ட்ரோலர் கொஞ்சம் கூட்டும். 16 மில்லிவோல்ட் என்று வைத்தால்கூட மைனஸ் 20இல் 14.4 என்பது 15.1 ஆகிவிடும். லித்தியம் கலம் ஒன்றின் உச்சம் 3.65 வோல்ட், நாலுக்கும் 14.6. அதைத் தாண்டினால் பி.எம்.எஸ் துண்டிக்கும். வெயில் உச்சத்தில் பற்றரி திடீரென்று துண்டிக்கப்படுவது சில கொன்ட்ரோலர்களுக்கும் நல்லதல்ல.

மாற்றியது இவ்வளவு: நிரப்பும் வோல்டேஜ் 14.2, நிரம்பிய பின் 13.5, வெப்பநிலை ஈடு பூச்சியம், ஈக்குவலைஸ் இல்லை. கூடவே, பற்றரியின் பக்கத்தில் ஒட்டிய ஒரு சென்சர். அது 5 பாகைக்குக் கீழ் சொன்னால் கொன்ட்ரோலர் சார்ஜ் செய்யாது. பி.எம்.எஸ் மறுப்பதற்கு முன்னரே கொன்ட்ரோலர் மறுத்துவிடவேண்டும். பி.எம்.எஸ் கடைசிக் காவல். அதை நாளாந்த வேலைக்கு விடக்கூடாது.

இளையவருக்கு மூன்றாவது பனலையும் தொடரில் சேர்க்கிற எண்ணம் இருந்தது. குளிரில் பனலின் வோல்டேஜ் கூடும். இரண்டு பனலும் சுமையில்லாமல் 82 வோல்ட். மைனஸ் 30இல் அது 95க்கு வந்துவிடும். கொன்ட்ரோலரின் எல்லை 100. மூன்றாவது தொடரில் சேர்ந்தால் கோடையிலேயே கொன்ட்ரோலர் எரிந்திருக்கும்.

127 காட்டிய பற்றரியைக் கழற்றி எடுத்தோம். நல்லதோடு அதைச் சமாந்தரமாக வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது படகுக் கொட்டகையில் லைட் எரிக்கிறது. அதன் இடத்துக்கு முதலாவதைப் போலவே குளிர்ப் பாதுகாப்புள்ள ஒன்று வந்தது. விளம்பரத்தில் அப்படி எழுதியிருந்தால் நம்பவேண்டும் என்றில்லை. நவம்பரில் கராஜில் ஓரிரவு குளிரவிட்டு, செயலியில் பூச்சியத்துக்குக் கீழே வந்ததும் சின்னச் சார்ஜரைக் கொளுவிப் பார்க்கலாம். மின்னோட்டம் பூச்சியமாக நின்றால் பாதுகாப்பு உண்மை. ஓடத் தொடங்கினால் உடனே கழற்றிவிட்டு, விற்ற கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

மூடுகிற நாள்

இந்த வேலையில் பெரிய பங்கு இரண்டு சுவிச்சுகளுக்குத்தான். ஒன்று பனலுக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையே, இரண்டு வயரையும் சேர்த்து வெட்டுகிற டி.சி பிறேக்கர். மற்றது பற்றரியின் நேர்முனையிலேயே, பியூஸை ஒட்டி, கையால் திருப்புகிற பெரிய சுவிச். முன்பு வாயு டிடெக்டரின் வயர் நேரே பற்றரி முனையில் பூட்டியிருந்தது. இப்போது அதுவும் சுவிச்சுக்கு அப்பால். புரொப்பேன் சிலிண்டரை மூடிக் கழற்றிய பின் டிடெக்டர் யாருக்காக விழித்திருக்கவேண்டும்?

ஒழுங்கு முக்கியம். மூடும்போது முதலில் பனல், பிறகு பற்றரி. திறக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். வெயில் அடிக்கும்போது பனல் பக்கத்தை விட்டுவிட்டுப் பற்றரியை வெட்டினால், கொன்ட்ரோலரின் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் அதன் வோல்டேஜ் துள்ளும். சில கொன்ட்ரோலர்கள் தாங்கும், சில தாங்காது. சுவிச் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் 1, 2 என்று எழுதிவிட்டோம். மூன்று குடும்பத்தில் யார் கடைசியாகப் பூட்டிக்கொண்டு வருவார்கள் என்று சொல்லமுடியாது.

எவ்வளவு சார்ஜில் விடுவது என்பதில் எனக்கும் கையேட்டுக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு. கையேடுகள் பொதுவாகப் பாதி என்கின்றன. காரணம் நியாயமானது. நிரம்பிய நிலையில் கிடக்கும் லித்தியம் சும்மா கிடந்தே வயதாகிறது. சூடும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. ஹலிஃபாக்ஸில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டான் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வும், இந்த வகைக் கலங்களை எப்போதும் உச்சத்தை ஒட்டியே இயக்குவது ஆயுளைக் குறைக்கிறது என்றுதான் காட்டியது. ஆனால் பூட்டிய வீட்டில் எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. சுவிச்சை வெட்டினாலும் பி.எம்.எஸ் உள்ளே விழித்தேயிருக்கும், புளூடூத் வைத்ததென்றால் இன்னும் கொஞ்சம் கூட. அது 10 மில்லி ஆம்பியர் குடித்தால் ஏழு மாதத்தில் 50 ஆம்பியர்-மணி. கலங்களின் சொந்தக் கசிவையும் சேர்த்தால் 200 ஆம்பியர்-மணிப் பெட்டியில் பாதி என்பது மே மாதத்துக்கு வருமுன் மெலிந்துவிடும். குளிரில் வயதாவதும் மெதுவாகும் என்பதால், ஒன்ராறியோக் குளிரில் 70 சதவீதம் கெடுதல் செய்யாது. ஆகவே நான் 70 என்பேன். சூடான நாட்டில், கூரைக்குக் கீழே வேகிற அறையில் விட்டுப்போகிறவர்களுக்கு இதே ஆலோசனையைச் சொல்லமாட்டேன்.

70ஐ எப்படி அறிவது? தட்டையான வோல்டேஜ் இதைச் சொல்லாது. தாங்ஸ்கிவிங் வார இறுதியில் முதலில் முழுக்க நிரப்பி ஷண்டை உண்மையான 100க்குக் கொண்டுவந்து, பிறகு பனலை வெட்டிவிட்டு, சமையலுக்கும் லைட்டுக்கும் பற்றரியில் ஓடி, 70இல் மூடினோம். வான்கோழிக்குப் பதிலாக அவர்கள் வைத்த ஆட்டிறைச்சிக் கறிக்கு மிக்ஸி கொஞ்சம் உதவியது.

திறக்கிற நாள்

இந்த மே மாதம் திறந்தபோது நானும் போயிருந்தேன். கறுப்பு ஈ உயிரை எடுக்கிற வாரம் அது. முதல் வேலை பற்றரியைத் தொடாமல் பார்ப்பது: எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர் உறையைக் கடித்திருக்கிறதா. இன்வேட்டரின் காற்றாடிக்குள் பஞ்சும் விதையும் இருந்தன, பற்றரிப் பெட்டி தப்பியிருந்தது. முனைகளின் நட்டுகளை முறுக்கிப் பார்த்தோம். குளிரில் சுருங்கிச் சூட்டில் விரிகிற உலோகம் கொஞ்சம் தளர்ந்துவிடும்.

இரண்டும் ஒரே வோல்டேஜ் காட்டியும் உடனே சமாந்தரமாகக் கொளுவவில்லை. தட்டைக் கோட்டில் ஒரே வோல்டேஜ் என்பது ஒரே நிரப்பு என்று அர்த்தமாகாது. வெப்பநிலை 12 பாகை என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியாக நிரப்பினோம். ஒன்றுக்கு 82 ஆம்பியர்-மணி போனது, மற்றதுக்கு 79. அதாவது 70இல் விட்டவை 60 சதவீதம் அளவில் நின்றிருக்கின்றன. முந்திய பனிக்காலத்தில் மூன்று மாதத்தில் காலியான அதே வீடு.

நிரம்பிய பின் 14.2இல் ஒரு மணித்தியாலம் வைத்திருந்தோம். கலங்களைச் சமன்செய்கிற வேலையைப் பெரும்பாலான பி.எம்.எஸ்கள் கலத்துக்கு 3.4 வோல்ட்டுக்கு மேல்தான் தொடங்கும். கோடை முழுக்க 80க்கும் 40க்கும் இடையிலேயே ஓடினால் அது வேலை செய்யச் சந்தர்ப்பமே வராது. வருடத்தில் சில தடவை உச்சிவரை நிரப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஷண்டைத் திருத்துவது மற்றது.

பி.எம்.எஸ் தூங்கிப்போய் முனையில் பூச்சிய வோல்ட் காட்டினால் பற்றரி செத்துவிட்டது என்று தூக்கிப் போடவேண்டாம். லித்தியத்துக்கான சார்ஜர்கள் சிலவற்றில் எழுப்புகிற வசதி உண்டு. அது இல்லாவிட்டால் நல்ல 12 வோல்ட் பற்றரி ஒன்றைச் சிறிது நேரம் சமாந்தரமாகப் பிடித்தாலே பல விழித்துவிடும். எழுந்ததும் கலங்களின் வோல்டேஜைப் பாருங்கள். ஏதாவது ஒன்று 2 வோல்ட்டுக்கும் கீழே கனநாள் கிடந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

இங்கே ஒரு இடைச்செருகல். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வேதியியலை 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழு கண்டறிந்த பிறகு, அதை வளர்த்துக் காப்புரிமையை நீண்டகாலம் கையில் வைத்திருந்தவர்களில் கியூபெக் மாகாண மின்சாரக் கம்பனியான ஹைட்ரோ-கியூபெக்கும் ஒன்று. ஹைட்ரோ எட்டாத கொட்டேஜில் கிடக்கிற பெட்டிக்குள்ளும் ஒரு ஹைட்ரோ கம்பனியின் வேலை இருக்கிறது.

இன்னும் தீராதவை

பற்றரிப் பெட்டியில் வைத்திருந்த ஆகக்குறைந்த-ஆகக்கூடிய வெப்பமானி பனிக்காலத்தின் அடிமட்டமாக மைனஸ் 23 காட்டியது. இந்த மாடலின் தாள் சேமிப்புக்கு மைனஸ் 20 வரை என்கிறது. பற்றரிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் உத்தரவாதத்தைப் பேசப்போனால் அந்த மூன்று பாகை நமக்கு எதிராக நிற்கும். மூத்தவர் இரண்டையும் வான் வண்டியில் ஏற்றி ஸ்காபரோவுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல், முதுகு அவருடையது. இளையவர் வீட்டின் கீழே, தரையை ஒட்டிய வெளியில் வைக்கலாம் என்கிறார். சுற்றிவர ஸ்னோ குவிந்தால் அந்த இடம் வீட்டுக்குள்ளைவிடக் குளிர் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஏப்ரலில் உருகுகிற தண்ணீர் அங்கேதான் நிற்கும் என்பதும் உண்மை. வரும் ஒக்ரோபரில் பற்றரிகள் ஊருக்கு வரும், வெப்பமானி மட்டும் தரைக்கடியில் கிடந்து கணக்கெடுக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

படகுக் கொட்டகையில் இருக்கிற அந்த 127ஐ செப்டெம்பரில் திரும்ப அளப்போம். அதே அளவில் நின்றால், மார்ச்சில் போன சார்ஜ்தான் காரணம் என்ற என் முடிவுக்குப் பலம் கூடும். சாதாரணக் கோடைப் பாவனையிலேயே இன்னும் இறங்கியிருந்தால், அந்தக் கலங்களில் தொடக்கத்திலிருந்தே வேறு பழுது இருந்திருக்கலாம். அப்போது இந்த ஆய்வின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதவேண்டும்.